கடல் கடந்து வந்த கலங்கள்: சென்னை வீடுகளில் ஆங்கிலப் பீங்கான்

தமிழில் ‘கலம்’ என்னும் சொல் பல பொருள் குறித்த ஒரு சொல். உண்பதற்குரிய ஏனமும் கலம். கடலில் செல்லும் மரக்கலமும் கலம். மேனியிற் பூணும் அணியும் கலம். புறநானூற்றின் 56ஆம் பாடலில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொணர்ந்த மதுவைக் குறிப்பிடுமிடத்து ஆண்டுள்ள ‘கலம்’ என்பதற்குக் குப்பி என்று பொருள் கொள்வாரும் உளர். கப்பல் என்று பொருள் கொள்வாரும் உளர். கப்பலில் வந்து, ஏனமாக விலைபோய், வீட்டிற்கு அணியாக நின்ற ஒரு பொருள் இருக்குமாயின் அதற்கு இம்மூன்று பொருளும் ஒருங்கே பொருந்தும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்திறங்கிய வண்ணப் பீங்கான் அத்தகைய பொருளாகும்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் பழைய வீடுகளில், கூடத்துக் கண்ணாடி அலமாரிக்குள் இத்தகைய தட்டுகளும் கிண்ணங்களும் பூச்சாடிகளும் நெடுங்காலம் இருந்தன. அவ்வீடுகள் குறையக் குறைய அவை பழம்பொருள் கடைகளுக்கும், ஆர்வத்தோடு தேடிச் சேர்ப்போர் கைகளுக்கும் சென்று கொண்டிருக்கின்றன. அக்கலங்கள் எங்கே பிறந்தன, இங்கே எவ்வாறு வாழ்ந்தன, வீடு மாறும்போது எதனை இழக்கின்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

பீங்கான் என்பது தமிழ்ச் சொல்லன்று. பாரசீகத்திலிருந்து வந்த சொல் அது. மலாய் மொழியிலும் தட்டிற்குப் ‘பிங்கான்’ என்றே பெயர். ஈழத்தமிழர் உண்ணும் தட்டினையே பீங்கான் என வழங்குவர். கோப்பை என்பது போர்ச்சுகீசியர் தந்த சொல். பொருள் கடல்வழி வந்தது போலவே பெயரும் கடல்வழியே வந்தது எனலாம்.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே தமிழகக் கடற்கரை பீங்கானை அறிந்திருந்தது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் 13, 14ஆம் நூற்றாண்டு வாணிகத்திற்குச் சான்றாகும். சீனத்தின் வெண்மையும் நீலமும் கலந்த கலங்களைக் கண்டு வியந்த ஐரோப்பியர், அவற்றைப் போலச் செய்ய முயன்றதன் விளைவே ஆங்கிலப் பீங்கான் தொழில். ஆகவே நமக்கு முன்பே அறிமுகமான ஒன்றின் மறுபதிப்பைத்தான் ஆங்கிலேயர் பின்னாளில் நமக்கு விற்றனர்.

நம் வீடுகளில் பீங்கான் என வழங்குவன யாவும் ஒரே வகையின அல்ல. வெண்ணிற மண்ணால் வனைந்து, மேலே கண்ணாடி போன்ற மெருகிட்டுச் சுட்டவை ஒருவகை. கல்லைப் போல இறுகச் சுட்டவை மற்றொரு வகை. ஒளி ஊடுருவும் மெல்லிய பீங்கான் மூன்றாம் வகை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்போடு பணிமனை செம்மைப்படுத்திய ‘எலும்புப் பீங்கான்’ மூன்றாம் வகையைச் சார்ந்தது. அதன் கலவையில் ஏறத்தாழப் பாதி, மாட்டெலும்பைச் சுட்டெடுத்த சாம்பல். சைவ உணவு வீடுகளின் அலமாரிகளிலும் அது இடம்பெற்றிருந்தது என்பது எண்ணத்தக்கது. தட்டினை விளக்கின் முன் பிடித்து, பின்புறம் வைத்த விரலின் நிழல் தெரிகிறதா என்று பார்ப்பது இவ்வகையை அறியும் எளிய வழி. விரலால் சுண்டி ஓசை கேட்பது மற்றொன்று. மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கும் நம் பெண்களுக்கு இச்சோதனை புதிதன்று.

ஸ்டாஃபோர்டுஷயரிலிருந்து சென்னைக் கரைக்கு

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர் பகுதியில் களிமண்ணும் நிலக்கரியும் அருகருகே கிடைத்தன. அங்குக் குயவர் குடும்பத்தில் பிறந்த ஜோசையா வெட்ஜ்வுட் (1730-1795) குடிசைத் தொழிலாக இருந்ததனை ஆலைத் தொழிலாக்கினார். பாலாடை நிறத்து மேசைக் கலங்களால் அரச குடும்பத்தின் ஆதரவைப் பெற்ற அவர், 1770களில் இளநீலப் பரப்பின்மேல் வெண்ணிற உருவங்கள் புடைத்து நிற்கும் ‘ஜாஸ்பர்’ வகையை உருவாக்கினார். இன்றும் சேர்ப்போர் முதலில் அடையாளம் காணும் ஆங்கிலக் கலம் அதுவே.

விலையைக் குறைத்து, எல்லா வீடுகளுக்கும் கொண்டு சென்றது அச்சுமுறை. செப்புத் தகட்டில் ஓவியத்தைச் செதுக்கி, கோபால்ட் நீல மையேற்றி, மெல்லிய தாளில் அச்செடுத்து, ஒருமுறை சுட்ட கலத்தின்மேல் அத்தாளை ஒட்டித் தேய்ப்பர். தாளைக் கழுவி நீக்கியபின் மெருகிட்டு மீண்டும் சுடுவர். தாளின் விளிம்புகள் கூடுமிடத்தில் ஓவியம் சற்றே பிசகியிருக்கும். கையால் தீட்டியதா, அச்சிட்டதா என்பதை அப்பிசகே காட்டிக்கொடுக்கும்.

இம்முறையில் உலகெங்கும் பரவியது ‘வில்லோ’ ஓவியம். வளைந்த மரம், பாலத்தின்மேல் மூவர், மாளிகை, படகு, வானில் இரு பறவைகள் என அமைந்த அவ்வோவியத்திற்குக் காதலர் இருவர் பறவைகளான கதையொன்று சொல்லப்படும். அது சீனக் கதையன்று. 1790 அளவில் ஓவியம் தோன்றியதற்குப் பின், தட்டிற்கேற்ப இங்கிலாந்தில் புனையப்பட்ட கதை. இன்னொரு புறம் இந்தியாவே ஆங்கிலத் தட்டுகளில் ஓவியமாயிற்று. இந்திய வேட்டைக் காட்சிகளைக் கொண்ட வரிசையொன்றை ஸ்போடு பணிமனை 1810 அளவில் வெளியிட்டது. 1792இல் தமிழகத்தில் பயணம் செய்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோரின் ஓவியங்களைப் பின்பற்றி, லிவர்பூல் நகரத்து ஹெர்குலேனியம் பணிமனை இந்தியக் காட்சித் தட்டுகளைச் செய்தது. அவற்றுள் மதுரைக் கோட்டைக் காட்சியும் ஒன்று. மதுரையைக் காணாத ஆங்கிலேயர் மதுரையின்மேல் உணவு பரிமாறி உண்டனர்.

இவை சென்னைக்கு வந்து சேர்ந்த வழி எளிதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் பொங்கும் அலைகளைக் கடந்து சரக்கினைக் கரை சேர்த்தன. வைக்கோலிட்டுப் பொதிந்த பீங்கான் பெட்டிகளும் அவ்வாறே வந்தன. உடையாமல் வந்த ஒவ்வொரு தட்டிற்கும் பின்னே தமிழ்ப் படகோட்டிகளின் கைத்திறன் இருந்தது.

சென்னை வீடுகளில்

முதலில் இவற்றைப் பயன்படுத்தியோர் கும்பினி அலுவலரும் நவாபின் குடும்பத்தாருமே. கும்பினியாரும் ஆர்க்காட்டு நவாபுகளும் பயன்படுத்திய பீங்கான் கலங்களை, 1948இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் காணலாம். இங்கிலாந்தின் உஸ்டர் நகரத்துச் சேம்பர்லேன் பணிமனை, 1820 அளவில் கருநாடக நவாபின் குடும்பத்திற்கெனவே விருந்துக் கலத்தொகுதி ஒன்றைச் செய்தளித்தது. பின்னர் மவுண்ட் ரோட்டில் எழுந்த ஸ்பென்சர், வைட்வே லெய்ட்லா முதலிய பெருங்கடைகள் ஐரோப்பிய வீட்டுப் பொருள்களை நகரத்து மேல்தட்டினர் கைக்கெட்டச் செய்தன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மயிலாப்பூரின் வழக்கறிஞர், நீதிபதி இல்லங்களிலும், 1920களில் உருவான தியாகராய நகரின் புதிய வீடுகளிலும், அடையாற்றின் தோட்ட வீடுகளிலும் இக்கலங்கள் இடம்பிடித்தன. ஆனால் அவற்றின் வாழ்வு இங்கிலாந்தில் இருந்தது போல் இங்கு அமையவில்லை. இதுவே நமக்கு முதன்மையான செய்தி.

மண்ணாற் செய்த கலம் ஒருமுறை எச்சிற்பட்டால் தூய்மை பெறாது. வெண்கலமும் பித்தளையும் புளியிட்டுத் துலக்கினால் தூய்மை பெறும் என்பது ஆசாரமுடைய வீடுகளின் கொள்கை. பீங்கானும் மண்ணே ஆதலின் அடுக்களைக்குள் அதற்கு இடமில்லை. வீட்டார் வாழையிலையில் உண்டனர். டபரா தம்ளரில் காப்பி பருகினர். வந்து செல்லும் வேற்று நாட்டார்க்கும் உயரலுவலர்க்கும் தேநீர் தருவதற்கென்றே பீங்கான் கோப்பைகள் தனியே வைக்கப்பட்டன. உண்கலமாகப் பிறந்த பொருள் இங்கே காட்சிக் கலமாயிற்று. விதிவிலக்கு ஊறுகாய்ச் சாடி ஒன்றே. உப்பும் புளிப்பும் பித்தளையை அரிக்கும் என்பதால், மெருகிட்ட சாடியை ஆசாரமும் ஏற்றுக்கொண்டது.

மற்றோர் இடம் நவராத்திரிக் கொலு. மரப்பாச்சிக்கும் மண்பொம்மைக்கும் அருகே ஐரோப்பியப் பீங்கான் பொம்மைகள் படியேறின. ஆங்கிலச் சீமாட்டியும் ஆட்டிடையனும் நாய்க்குட்டியும் தசாவதாரத்திற்குக் கீழ்ப்படியில் அமர்ந்து, ஒன்பது நாளும் சுண்டலும் பாட்டும் கேட்டு, பத்தாம் நாள் பழைய துணியில் பொதியப்பட்டுப் பரணுக்குத் திரும்பின. எங்கோ கணப்படுப்பின் மேல்தட்டிற்கெனச் செய்யப்பட்ட பொம்மை, இங்கே சரசுவதியின் அவையில் இடம்பெற்றது. இது பொருளின் வரலாறு மட்டுமன்று. ஒரு சமூகம் பிறர் பொருளைத் தன் ஒழுங்கிற்குள் அமைத்துக்கொண்ட வரலாறுமாகும்.

இக்காலத்தில் நம் மண்ணிலும் மெருகுக் கலம் செய்யும் முயற்சி நடந்தது. மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் நிறுவிய கலைப்பள்ளியில் கற்பிக்கப்பட்ட தொழில்களுள் மட்கலத் தொழிலும் ஒன்று. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுவே.

இரு பெயர்கள்

கலங்களில் இருவகைப் பெயர்கள் உண்டு. ஒன்று செய்தவன் பெயர். மற்றொன்று உடையவன் பெயர். இவ்வேறுபாட்டினைத் தமிழகத் தொல்லியல் தெளிவாகக் காட்டுகிறது. புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது, இத்தாலியச் செந்நிறக் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. அவற்றின் அடியில் விபி, காமுரி, இத்தா என்னும் முத்திரைகள் இருந்தன. அவை செய்தோர் பெயர்கள். தென்னிந்தியத் தொல்லியற் காலவரிசைக்கு உறுதியான ஊன்றுகோலாக அமைந்தவை அவ்வோடுகளே. கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த ஓடுகளில் தமிழ் எழுத்தால் கீறப்பட்ட ஆதன் முதலிய பெயர்களோ உடையவர் பெயர்கள். செய்தவன் முத்திரை கலம் எங்கே, எப்போது பிறந்தது என்பதைச் சொல்கிறது. உடையவன் கீறல் அது யார் கையில் வாழ்ந்தது என்பதைச் சொல்கிறது.

ஆங்கிலக் கலத்தின் அடிமுத்திரையும் இவ்வாறே படிக்கத்தக்க ஒரு சிறு சாசனம். வைர வடிவிலான பதிவு முத்திரை இருப்பின் அதன் வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையே பதிவு செய்யப்பட்டது. முனைகளிலுள்ள எழுத்தும் எண்ணும் ஆண்டு, திங்கள், நாளைக் குறிக்கும். 1884 முதல் வைரம் மறைந்து தொடரெண் வந்தது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என விதித்தது. ஆகவே ‘இங்கிலாந்து’ என்னும் சொல் முத்திரையில் இருப்பின், கலம் பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. ‘இங்கிலாந்தில் செய்யப்பட்டது’ என்னும் தொடர் 20ஆம் நூற்றாண்டிற்குரியது. ஓரெழுத்துப் பிழையும் பொருள் பொதிந்தது. வெட்ஜ்வுட் என்னும் பெயரின் ஆங்கில வடிவில் நடுவே மிகையாக ஓர் ‘ஈ’ எழுத்து இருப்பின், அது ஜோசையாவின் பணிமனையைச் சார்ந்ததன்று.

இனி, உடையவர் பெயர் எங்கே? நம் வீட்டுப் பித்தளை அண்டாவிலும் வெள்ளிக் கிண்ணத்திலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவது வழக்கம். சீர் கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், ஊர்ப்பெயர், சிலவற்றில் நாளும் இருக்கும். பரம்பரை கடந்தும் அவ்வண்டா தன் வீட்டின் பெயரைச் சுமக்கும். பீங்கானிலோ உளி வைத்தால் உடையும். எனவே அது செய்தவன் பெயரை மட்டும் சுமந்து, உடையவர் பெயரின்றியே நம் வீடுகளில் இருந்தது. யார் வாங்கியது, எந்த விருந்திற்கு எடுத்தது, எந்தப் படியில் நின்றது என்பனவெல்லாம் பாட்டிமார் வாய்ச்சொல்லில் மட்டுமே இருந்தன. வீடும் அவர்களும் மறைந்தபின் எஞ்சுவது ஸ்டாஃபோர்டுஷயரின் பெயர் ஒன்றே.

சேர்ப்போரும் சந்தையும்

சென்னையில் பழம்பொருள் கைமாறிய இடங்கள் பல. 1900இல் திறக்கப்பட்டு 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில், பழைய நூல்களோடு பழைய பீங்கானும் கிடைத்தது. விடுதலைக்குப் பின் தாயகம் திரும்பிய ஆங்கிலேயரின் வீட்டுப் பொருள்கள் ஏலக்கூடங்கள் வழியே நகரத்தார் கைக்கு வந்தன. ஏலத்தில் ‘ஒரு தொகுதி பீங்கான்’ என்று எழுதப்படும். எந்த வீட்டுத் தொகுதி என்று எழுதப்படுவது அரிது. செட்டிநாட்டு மாளிகைகளின் கலங்கள் காரைக்குடிக் கடைவீதி வழியே சென்னைக்கு வருவதும் உண்டு. அங்கும் இதே நிலைதான்.

நாட்டின் பெருஞ்சேகரங்களுள் ஒன்று ஐதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகம். மூன்றாம் சாலார் ஜங் (1889-1949) என்னும் ஒரு தனிமனிதரின் ஆர்வத்தால் திரண்ட அதில் வெட்ஜ்வுட், மின்டன், உஸ்டர், டெர்பி முதலிய பணிமனைகளின் கலங்கள் உள்ளன; 1951இல் அது மக்கள் காட்சிக்குத் திறக்கப்பட்டது. எனினும் அத்தகைய சேகரமும் நமக்கு உணர்த்துவது செல்வர் ஒருவரின் சுவையையே. நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் ஒரே தேநீர்த் தொகுதியை எவ்வாறு போற்றியது என்பதை அது சொல்லாது.

சேர்ப்போர் பெரும்பாலும் நாடுவது குறையற்ற கலத்தை. மெருகில் நுண்விரிசல் ஓடியதையும், விளிம்பு சிதைந்ததையும், உடைந்து உலோகக் கொக்கியால் தைக்கப்பட்டதையும் ஒதுக்குவர். வரலாற்று நோக்கில் இது மறுபரிசீலனைக்குரியது. தைத்த தட்டு, அத்தட்டினை எறிய மனமில்லாத ஒரு வீட்டின் சான்று. புதிய தட்டு வாங்க இயலாமையோ, கொடுத்தவர் மேலிருந்த அன்போ அதற்குக் காரணமாகலாம். எவ்வாறாயினும் குறையற்ற தட்டு சொல்லாத ஒன்றை அது சொல்கிறது.

எழுதி வைக்க வேண்டியவை

வில்லோத் தட்டுகள் அளவற்றுச் செய்யப்பட்டவை. இங்கிலாந்தில் அவை அரும்பொருள் அல்ல. கலத்தை மட்டும் நோக்கின், மயிலாப்பூரில் கிடைக்கும் வில்லோத் தட்டு மற்ற ஆயிரங்களுள் ஒன்று. கச்சேரிச் சாலையை அடுத்த ஒரு வீட்டில், மாதம் ஒருமுறை வரும் விருந்தினருக்கெனத் தனி மாடத்தில் வைத்திருந்தது என்னும் செய்தி உடனிருப்பின், அதற்கு நிகர் உலகில் வேறில்லை. சேர்ப்போர் விலை கொடுத்து வாங்குவது முதலாவதை; விலையின்றிக் கிடைத்தும் விட்டுவிடுவது இரண்டாவதை.

கலம் பிறந்த நாட்டிலும் இவ்வுணர்வு தாமதமாகவே வந்தது. ஸ்போடு ஆலை 2008இல் மூடப்பட்டது. வெட்ஜ்வுட் நிறுவனம் 2009இல் நொடிந்தபோது, அதன் அருங்காட்சியகத் தொகுதியே கடனுக்காக விற்கப்படும் நிலை உருவானது. 2014இல் பொதுமக்கள் நன்கொடை உள்ளிட்ட நிதி திரட்டப்பட்டு அது மீட்கப்பட்டது. அவர்கள் மீட்டது சாடிகளையும் தட்டுகளையும் மட்டுமன்று. மாதிரி ஏடுகளையும் கடிதங்களையும் கணக்குகளையுந்தான். ஏடுகள் இன்றேல் கலம் ஊமை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், வரலாற்றுச் சிறப்புடைய கலைப்பொருள் நூறாண்டு கடந்ததாயின் அதனைத் தொல்பொருளாகக் கருதி, நாட்டைவிட்டு வெளியே செல்வதைத் தடுக்கிறது. சட்டம் பொருளைக் காக்கலாம். பொருளின் நினைவைக் காக்க இயலாது. அது வீட்டார் செய்ய வேண்டிய பணி. அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு தாளில் ஐந்து செய்திகள் போதும்: கலம் யாருடையது, எவ்வழி வந்தது, வீட்டின் எப்பகுதியில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது, வீட்டார் அதனை என்ன பெயரிட்டு அழைத்தனர். இறுதிக் கேள்வி தமிழறிஞர்க்கு மிக இன்றியமையாதது. மங்கு, சாடி, பீங்கான், கோப்பை என ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு கலத்திற்கும் வழங்கிய சொற்கள் அகராதிக்குள் முழுமையாக வந்துவிடவில்லை. கலம் கடைக்குப் போனபின் அச்சொல்லை எவரிடம் கேட்பது?

இலக்கிய அமைப்புகள் ஏடு தேடித் தொகுத்த மரபு நம்முடையது. ஓலைச்சுவடிக்காக ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த நகரம் இது. சுவடிகள் செல்லரித்து அழிந்தது போல இன்று அழிந்து கொண்டிருப்பவை வீட்டு நினைவுகள். பழைய வீடு இடிபட்டு அடுக்ககம் எழுவதற்கு முன், அலமாரியைத் திறந்து, முதியோரைக் கேட்டு, ஒவ்வொரு கலத்திற்கும் ஒரு தாள் எழுதி வைப்பது நம் தலைமுறையால் இயலக்கூடிய செயல். அத்தாளின் ஒரு படியைக் கலத்தோடும், மற்றொரு படியை அவ்வட்டாரத்து நூலகத்திலும் வைக்கலாம்.

ஈராயிரம் ஆண்டுகட்கு முன் கொடுமணலில் ஒருவன் தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்தான். அதனால் அவனை நாம் அறிவோம். நூறாண்டுக்கு முன் மயிலாப்பூரில் வாழ்ந்த குடும்பத்தை அவர்தம் கலத்தால் அறிய இயலவில்லை என்னும் குறையை நீக்க, உளி வேண்டுவதில்லை; எழுதுகோல் போதும்.